சித்தூர்: ஏரிகளும் அணைகளும் சூழ்ந்த எல்லை ஊர்

'ஏரிகளின் நகரம்' என்றதும் ராஜஸ்தானின் உதய்ப்பூரும், பிச்சோலா ஏரியின் நடுவே மிதப்பது போல் நிற்கும் வெண்ணிற அரண்மனையுமே நினைவுக்கு வரும். உதய்ப்பூர் செல்வோர் பெரும்பாலும் அருகிலுள்ள சித்தூர் கோட்டையையும் பார்த்துவிட்டுத் திரும்புவர். அதே பெயரில் நமக்கு மிக அருகில், கோவையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு சித்தூர் உள்ளது. இங்கு சலவைக்கல் அரண்மனைகள் இல்லை. ஆனால் ஓர் ஆறு, அதன் கால்வாய்கள் நிரப்பும் ஏரிகள், மலையடிவாரத்தில் வரிசையாக அணைகள், அவற்றுக்கு மேலே புலிகள் வாழும் காடு என இந்த ஒரு தாலுகாவுக்குள் காண வேண்டியவை ஏராளம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ரயில் பயணச்சீட்டுக்கு 'சித்தூர்' என்று தேடினால் ஆந்திரத்துச் சித்தூருக்கே இடம் கிடைக்கும். பாலக்காட்டுச் சித்தூருக்கு ரயில் நிலையம் கிடையாது. பாலக்காட்டிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரும், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகச் சுமார் 35 கிலோமீட்டரும் சாலையில் பயணம் செய்ய வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியில் சித்தூர் அமைந்துள்ளது. அக்காலத்தில் இது கொச்சி ராஜ்ஜியத்தின் ஒரு துண்டு நிலம். சுற்றிலும் ஆங்கிலேயரின் மலபார் மாவட்டமும் கோவை மாவட்டமும் இருக்க, இந்தத் தாலுகா மட்டும் கொச்சி மன்னரின் ஆட்சியில் தனித்து நின்றது. 1956-ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தில் சேர்ந்தாலும், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதி ஆகிய கிழக்கு ஊர்களில் வீட்டிலும் கடையிலும் தமிழே பேசப்படுகிறது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை உள்ளது. ஊர்ப்பெயர்களின் இறுதியில் வரும் 'பதி'யும், நீர்நிலைகளைக் குறிக்க இங்குள்ள மலையாளிகளும் பயன்படுத்தும் 'ஏரி' என்ற சொல்லும் எல்லைக்கோடு பிற்காலத்தில் வந்தது என்பதைக் காட்டுகின்றன.

சோகம் தீர்க்கும் ஆறு

பாரதப்புழையின் கிளை நதியான கண்ணாடிப்புழைக்கு, சித்தூரைக் கடக்கும் இடத்தில் சித்தூர்ப்புழை என்று பெயர். உள்ளூர் மக்கள் இதைச் 'சோகநாசினி' என்று அழைக்கின்றனர். மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தை இந்த ஆற்றங்கரையில் கழித்ததாகவும், ஆற்றுக்கு இப்பெயரைச் சூட்டியவர் அவரே என்றும் மரபு கூறுகிறது. தெற்குக் கிராமத்தில் உள்ள குருமடம் அவர் நினைவைப் போற்றும் இடமாகும். விஜயதசமி நாளில் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கப் பெற்றோர் இங்குத் திரளாக வருவர். மற்ற நாட்களில் இந்த மடம் அமைதியாக இருக்கும். ஆற்றங்கரை மர நிழலில் அரை மணி நேரம் அமர்வதற்காகவே செல்லலாம்.

இதே ஊரின் பகவதி கோயிலில் மாசி மாதத்தையொட்டி வரும் கும்ப மாதத்தில் 'கொங்கன்படை' என்னும் விழா நடைபெறுகிறது. கொங்கு நாட்டு அரசன் ஒருவன் படையெடுத்து வந்தபோது பகவதியே போர்க்களம் இறங்கி ஊரைக் காத்ததாக ஐதிகம். அந்தப் போரை ஊரே நடித்துக் காட்டுகிறது. கொங்கன் படையாகச் சிலர் வேடமிட்டு வருவதும், படை வரும் செய்தி ஓலை வாசிக்கப்படுவதும், தாள வாத்திய முழக்கத்துடன் போர் நிகழ்வதும், முடிவில் கொங்கர் தோற்பதும் ஆண்டுதோறும் மாறாத காட்சிகள். கேரளத்தில் போரை மையமாகக் கொண்ட விழாக்கள் மிக அரிது. தோற்கும் தரப்பின் வழித்தோன்றல்களான கோவை, பொள்ளாச்சி மக்களும் கூட்டத்தோடு நின்று விழாவைக் கண்டு களிப்பது இதன் தனிச் சுவை.

ஏரிகள் எங்கிருந்து நிரம்புகின்றன?

சித்தூரின் வயல் வரப்புகளில் பனைமரங்கள் அணிவகுத்து நிற்கும். பச்சை நெல், கரிய பனை, பின்னணியில் நீல மலை என்ற இந்தக் காட்சியைக் காணவே இன்று பலர் வருகின்றனர். ஆனால் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம் என்பதை அந்தப் பசுமை மறைத்துவிடுகிறது. பிற மாவட்டங்களில் மழை கொட்டும்போதும் இங்கு வானம் வெளுத்திருக்கும். எனவே கம்பாலத்தரை ஏரி, வெங்கலக்கயம் ஏரி போன்ற நீர்நிலைகள் சித்தூர்ப்புழைப் பாசனத் திட்டத்தை நம்பியே உள்ளன. ஆற்றின் குறுக்கே மூலத்தரையில் உள்ள தடுப்பணையிலிருந்து இடது, வலது கரைக் கால்வாய்கள் பிரிகின்றன. ஏரிக்கரையில் பூங்காவையும் படகுத்துறையையும் எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம். இவை உழவர்களின் ஏரிகள். மாலை வெயிலில் கரையில் நடந்தால் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும்.

இந்த ஆற்றுக்கு நீர் வரும் வழியை அறிந்துகொண்டால் பயணத்தின் மற்றப் பகுதிகள் எளிதில் விளங்கும். சித்தூர் தாலுகாவின் மலைப்பகுதியான பரம்பிக்குளத்தில் மூன்று அணைகள் உள்ளன: பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம். அவை நிற்பது கேரள மண்ணில். இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாடு. பரம்பிக்குளம் அணையின் கொள்ளளவு 17.82 டி.எம்.சி. அங்குத் தேங்கும் நீர் சுரங்க வழியாகத் தூணக்கடவுக்கும், அங்கிருந்து மலையைக் குடைந்த மற்றொரு சுரங்கத்தின் வழியாகத் தமிழ்நாட்டின் சர்க்கார்பதி மின்நிலையத்துக்கும் செல்கிறது. மின்சாரம் தந்த பின், ஒரு பகுதி கால்வாயில் திருமூர்த்தி அணை நோக்கிச் சென்று கொங்கு நிலங்களைப் பாசனம் செய்கிறது. மற்றொரு பகுதி ஆழியாறு அணைக்கு வருகிறது. ஆழியாற்றிலிருந்து திறக்கப்படும் நீர் மணக்கடவு வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்து சித்தூர்ப்புழையாகிறது. அதாவது, சித்தூர் தாலுகாவின் மலையில் பெய்த மழையின் ஒரு பகுதி, தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு மீண்டும் சித்தூர் வயலுக்கே வந்து சேர்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-ஆம் ஆண்டு மே 29 அன்று கையெழுத்தாகி, 1958-ஆம் ஆண்டு நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவில் கேரளத்துக்குத் தரப்பட வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒப்பந்தத்தை மறு ஆய்வு செய்யலாம் என்ற விதியின்படி முதல் கெடு 1988-இல் வந்தது. அதன் பின் இரு மாநிலங்களும் பல சுற்றுகள் பேசியுள்ளன. மழை குறையும் ஆண்டுகளில் பொள்ளாச்சி விவசாயியும் சித்தூர் விவசாயியும் ஒரே அணையின் நீர்மட்டத்தை நாளிதழில் தேடிப் படிப்பர். இருவர் பக்கமும் நியாயம் இருப்பதுதான் இந்த விவகாரத்தை இத்தனை ஆண்டுகள் இழுத்து வந்திருக்கிறது.

பிளாச்சிமடை என்ற பெயரும் இங்கு நினைவுகூரத் தக்கது. சித்தூர் தாலுகாவின் பெருமாட்டி ஊராட்சியில் 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோகோ கோலா ஆலை, நிலத்தடி நீரை உறிஞ்சிக் கிணறுகளைப் பாழாக்குகிறது என்று கூறி, 2002 ஏப்ரல் 22 அன்று பழங்குடி மக்கள் போராட்டத்தைத் தொடங்கினர். அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் மயிலம்மா. 2004 மார்ச்சில் ஆலை இயக்கத்தை நிறுத்தியது. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றிய மசோதா சட்டமாகவில்லை. சுற்றுலா வரைபடங்களில் இடம்பெறாத ஊர் இது. எனினும் சித்தூரில் தண்ணீர் என்ற சொல்லுக்கு உள்ள கனத்தை அறிய விரும்புவோர் அவ்வழியே செல்லும்போது சற்று நின்று பார்க்கலாம்.

தமிழ்நாட்டின் வழியே ஒரு கேரளக் காடு

பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் சித்தூர் தாலுகாவின் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆனால் முதலமடையிலிருந்து அங்குச் செல்ல நேர்ச் சாலை இல்லை. பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் எனத் தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைக் கடந்த பின்னரே மீண்டும் கேரளச் சோதனைச்சாவடி வரும். சுற்றுலாப் பயணிக்கு இது இரண்டு காடுகளை ஒரே பயணத்தில் காணும் வாய்ப்பு. உள்ளே வாழும் காடர், மலசர், முதுவர் முதலிய பழங்குடி மக்களுக்கோ, தங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குச் செல்லவே வேறு மாநிலத்தைக் கடக்க வேண்டிய நிலை. மலையடிவாரச் செம்மணாம்பதியிலிருந்து தேக்கடிக் குடியிருப்புக்கு நேர் வழி வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை பழமையானது.

சுமார் 644 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இக்காப்பகத்தில் யானை, காட்டெருது, புள்ளிமான் ஆகியவற்றைச் சாலையோரத்திலேயே காண முடியும். புலி தென்படுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தவறாமல் காண வேண்டியது 'கன்னிமரத் தேக்கு'. ஏழு மீட்டர் சுற்றளவுள்ள இத்தேக்கைத் தழுவ ஐந்து பேர் கைகோக்க வேண்டும். வெட்ட முயன்றபோது மரத்திலிருந்து இரத்தம் பீறிட்டதாகவும், அதனால் கன்னி மரம் என்று வணங்கி விட்டுவிட்டதாகவும் பழங்குடி மக்கள் கூறுவர். 1994-இல் இதற்கு மத்திய அரசின் மகாவிருட்ச விருது கிடைத்தது.

மற்றத் தேக்குகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1907 முதல் 1963 வரை கொச்சி அரசின் வன டிராம்வே இங்கிருந்து சாலக்குடிக்கு, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம், மரங்களைச் சுமந்து சென்றது. செங்குத்தான சரிவுகளில் இஞ்சின் பயன்படவில்லை. மரம் ஏற்றிய பெட்டிகள் இறங்கும் எடையே வடத்தின் மறுமுனையில் இருந்த வெற்றுப் பெட்டிகளை மேலே இழுத்தது. இன்று அந்தப் பாதையின் சில எச்சங்கள் மட்டுமே காட்டுக்குள் எஞ்சியுள்ளன.

பரம்பிக்குளம் அணையையும் காண வேண்டும். 2022 செப்டம்பர் 21 அதிகாலை அதன் மூன்று மதகுகளில் ஒன்று உடைந்து, சேமித்த நீர் பல நாட்கள் சாலக்குடி ஆற்றில் பாய்ந்து வீணானது. அணையின் மேல் நின்று அந்த மதகுகளைப் பார்க்கும்போது, இரு மாநிலங்களின் எத்தனை வயல்கள் இவற்றை நம்பியுள்ளன என்பது உறைக்கும்.

மலையடிவாரமும் மாம்பழமும்

முதலமடை மாம்பழத்துக்குப் புகழ்பெற்றது. நாட்டின் பிற பகுதிகளில் மாமரம் பூத்துக்கொண்டிருக்கும்போதே இங்குக் காய்கள் சந்தைக்கு வந்துவிடும். பெரிய ஆலமரங்கள் குடை விரித்த முதலமடை ரயில் நிலையம் பல திரைப்படங்களில் இடம்பெற்றது. அடுத்துள்ள கொல்லங்கோடு, தென்மலைத் தொடரின் அடிவாரத்தில் வயல்கள் சூழ அமைந்த ஊர். மழைக்காலத்தில் சீதார்குண்டு உட்படப் பல அருவிகள் மலை முகட்டிலிருந்து வெள்ளிக் கோடுகளாக இறங்குவதை ஊருக்குள் இருந்தே காணலாம். நாட்டின் அழகிய கிராமங்களுள் ஒன்று என 2023-இல் சமூக ஊடகங்களில் இவ்வூர் பரவிய பின் வார இறுதிகளில் வாகன நெரிசல் ஏற்படுகிறது. படம் எடுக்க நெற்பயிரை மிதிப்பது குறித்து விவசாயிகள் வருந்துவதில் தவறில்லை. வரப்பில் நின்றாலே படம் நன்றாக வரும்.

அருகிலுள்ள மீன்கரை, சுள்ளியாறு அணைகள் சிறியவை, கூட்டமற்றவை. நெம்மாராவைத் தாண்டினால் மண் அணையான போத்துண்டி வரும். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் நெல்லியாம்பதி. தேயிலை, காபி, ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு அப்பால் உள்ள சீதார்குண்டுக் காட்சிமுனையில் நின்றால், கீழே நாம் கடந்து வந்த தாலுகா முழுவதும் தெரியும். வயல்களுக்கு இடையே ஆங்காங்கே மின்னும் திட்டுகள்தாம் அந்த ஏரிகளும் அணைகளும். ஏப்ரல் முதல் வாரத்தில் செல்வோர் நெம்மாரா–வல்லங்கி வேலையின் யானை அணிவகுப்பையும் வாணவேடிக்கையையும் காணலாம்.

நேரம் இருப்பவர்கள் பாலக்காட்டில் ஹைதர் அலி 1766-இல் கட்டிய கோட்டையையும், 1955-இல் அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் காமராஜர் திறந்துவைத்த மலம்புழை அணையையும், அதன் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் வடித்த யட்சி சிலையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

செல்லும் வழி: கோவை விமான நிலையமும் பாலக்காடு சந்திப்பு ரயில் நிலையமும் அருகில் உள்ளன. 2015-இல் அகலப்பாதையாக மாற்றப்பட்ட பாலக்காடு–பொள்ளாச்சி ரயில் பாதையில் கொல்லங்கோடு, முதலமடை நிலையங்கள் உள்ளன. பரம்பிக்குளத்தில் தங்க வனத்துறையிடம் முன்பதிவு அவசியம். இரவில் காட்டுச் சாலையில் பயணம் செய்ய அனுமதி இல்லை. அருவிகளுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், வெயில் தணிந்த பயணத்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் ஏற்ற காலம். கனமழை நாட்களில் நெல்லியாம்பதி சாலையில் மண்சரிவு ஏற்படுவதுண்டு. புறப்படும் முன் நெம்மாராவில் விசாரித்துக்கொள்வது நல்லது.