கைமரத்தை நிமிர்த்திப் போடுங்கள்

ஆனி, ஆடிக் காற்றுக்கு முன் கூரையைத் திருத்தப் பல குடும்பங்கள் நினைப்பது வழக்கம். தகரம் வாங்கும்போது பத்துத் தடவை யோசிக்கிறோம். அதைத் தாங்கும் மரத்தைப் பற்றி யோசிப்பது குறைவு. தகரம் பறந்தால் திரும்பப் போடலாம். கைமரம் முறிந்தால் கீழே தூங்குகிற பிள்ளைகள் மேலல்லவா விழும்? ஆகவே சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, மரம் காய வேண்டும். பச்சை மரம் காயும்போது நீளத்தில் அநேகமாகக் குறையாது, அகலத்தில்தான் சுருங்கும். பச்சையாக அடித்த ஆணி பிறகு தளர்ந்து விடும். யூகலிப்டஸ் மரம் அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும், முறுக்கிக் கொள்ளும். அரிந்த மரத்தை நிலத்தில் படாமல் நிழலில் அடுக்குங்கள். அடுக்குக்கு அடுக்கு ஒரே கனத்தில் ரீப்பைத் துண்டுகள் வைத்தால் காற்று போகும். இரண்டு முனைகளிலும் பெயின்ட் பூசினால் வெடிப்பு குறையும். ஓர் அங்குலப் பலகை காயவே சில மாதம் செல்லும். கனமான மரத்துக்கு இன்னும் கூடும்.

இரண்டாவது, வைரம் பார்த்து எடுங்கள். ஓரத்து வெள்ளைப் பகுதியைத்தான் பூச்சி முதலில் தின்னும். நடுப்பாகத்தில் பெரிய கணு உள்ள துண்டைக் கைமரத்துக்குப் போட வேண்டாம். குறுகலாக வெட்டி வேறு வேலைக்கு எடுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். பிள்ளையின் மர அடிமட்டத்தை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். படுக்க வைத்தால் வளையும். நிமிர்த்திப் பிடித்தால் அசையாது. கைமரமும் அப்படித்தான். 4 அங்குலத்துக்கு 2 அங்குல மரத்தை 4 அங்குலம் மேல்கீழாக நிற்கும்படி வைத்தால், படுக்க வைத்ததைவிட 2 மடங்கு பாரம் தாங்கும்; வளைவது 4இல் ஒரு பங்குதான். மரமும் அதே, காசும் அதே!

கடைசியாக, பாரம் ஏறும்போது மரத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது. ஆகவே கைமரத்தின் நடுவில், அடிப்பக்கத்தில் உளியால் வெட்டுப் போட பாஸை விடாதீர்கள். முறிவு அங்கேதான் தொடங்கும்.

தோட்டத்து மரத்தை நிர்வாகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வெட்ட வேண்டாம். மரம் வந்ததும் அன்றைக்கே கூரையில் ஏற்றவும் வேண்டாம். பொறுத்திருந்து போட்ட கைமரம் உங்கள் பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும்.