காலியான ஸ்தானம் (9): ரஸ்ஸலுக்குப் பின் வந்து நின்றவர்

1969-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலீஸ் அரங்கின் கூரையில், உள்ளூர் அணியின் வெற்றியை முன்கூட்டியே தீர்மானித்துக் கட்டித் தொங்கவிட்ட பலூன்கள் கீழே இறங்காமலே போனதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அன்று அங்கே வென்று பட்டம் பெற்றது பாஸ்டன் செல்டிக்ஸ்; கூடைக்கருகே நின்று ஆடும் அதன் சென்டர் பில் ரஸ்ஸலின் கடைசிப் பருவம் அத்தோடு முடிந்தது. பில் ரஸ்ஸல் விட்டுச் சென்ற ஸ்தானத்துக்கு பாஸ்டன் செல்டிக்ஸ் நிர்வாகம் டேவ் கௌவன்ஸைத் தேடிக் கண்டெடுத்த வரலாற்றை இந்த வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன். ஆயினும் அவ்விரு மகா வீரர்களுக்கும் நடுவே ஒரு முழுப் பருவம் கிடக்கிறது. அந்தப் பருவத்தில் அந்த இடத்தில் நின்று, அதற்குரிய ஏச்சு முழுவதையும் தாங்கிக்கொண்ட ஒரு மனிதர் இருக்கிறார். கூடைப்பந்து வரலாறுகள் அவரை அரை வாக்கியத்தில் கடந்து போகின்றன. எனக்கு அதற்கு மனம் வரவில்லை.

பதின்மூன்று பருவங்களில் பதினோரு சாம்பியன் பட்டங்களை வென்று, கடைசி மூன்று பருவங்களில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இரட்டைப் பொறுப்பைச் சுமந்த ரஸ்ஸல், தாம் ஓய்வு பெறுவதை அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரையின் வாயிலாகவே உலகுக்கு அறிவித்தார். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் அதற்கு வெகு முன்பே முடிந்து போயிருந்தது. சாம் ஜோன்ஸும் அதே கோடையில் விடைபெற்றுக்கொண்டிருந்தார். ஆக, பொது நிர்வாகி ரெட் ஆவர்பாக்குக்கு ஒரே சமயத்தில் சென்டர் ஸ்தானமும் பயிற்சியாளர் ஸ்தானமும் காலியாகிவிட, பருவம் தொடங்கச் சில வாரங்களே எஞ்சியிருந்த நிலையில், சந்தையில் யார் கிடைப்பாரோ அவரைத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்தவர் ஹென்றி ஃபிங்கல்.

ஏழடி உயரம், ரஸ்ஸலையே அண்ணாந்து பார்க்க வைக்கக்கூடிய உயரம். டேட்டன் பல்கலைக்கழகத்தில் ஆடி வந்தவர். 1967-இல் புதிதாகத் தோன்றி, தன் முதல் பருவத்திலேயே 67 ஆட்டங்களில் தோல்வியுற்ற சான் டியாகோ ராக்கெட்ஸ் அணியில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. அந்தத் தோல்விகளின் பயனாக அடுத்த டிராஃப்டில் முதல் தேர்வு சான் டியாகோவுக்குக் கிட்ட, அதில் வந்து சேர்ந்த எல்வின் ஹேய்ஸ் முதலாண்டிலேயே தேசத்தின் தலைசிறந்த பாயிண்டு வேட்டைக்காரராகிவிட்டார். ஃபிங்கல் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு நட்சத்திரம் வந்ததால் இடத்தை இழந்த மனிதரை, வேறொரு நட்சத்திரம் விலகிய இடத்துக்கு விதி மறு வருஷமே அழைத்து வந்தது!

இனி இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத கணக்குக்கு வருகிறேன். ரஸ்ஸல் தம் கடைசிப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்த பாயிண்டுகள் பத்துக்குச் சற்றே குறைவு. அவர் இடத்தில் நின்ற ஃபிங்கல் அடுத்த பருவத்தில் எடுத்ததும் பத்துக்குச் சற்றே குறைவுதான். பாயிண்டுக் கணக்கை மட்டும் பார்க்கும் ஒருவர், போனதற்குப் பதில் வந்துவிட்டது, வரவும் செலவும் சரியாயின என்றே கணக்கை மூடிவிடுவார். ஆனால் சாம்பியனாக இருந்த அந்த அணி மறு பருவத்தில் 34 ஆட்டங்களில் வென்று 48-இல் தோற்று, 1950-க்குப் பின் முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறாமல் வீடு திரும்பியது.

காரணம் மற்றொரு பத்தியில் இருக்கிறது. கூடையில் விழாமல் எகிறித் திரும்பும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டுக் கணக்கில் ரஸ்ஸலின் கடைசிப் பருவச் சராசரி 19-க்கும் மேல். அடுத்த பருவத்தில் செல்டிக்ஸ் அணியிலேயே அதிக ரீபவுண்டு பிடித்தவர் ஜான் ஹாவ்லிசெக். அவருடைய சராசரி எட்டைக்கூட எட்டவில்லை. ஹாவ்லிசெக்கோ ஆறடி ஐந்தங்குலக்காரர், அந்த ஆட்டத்தின் அளவில் நடுத்தர உயரத்தவர். பாயிண்டிலும், கூட்டாளிக்குப் பந்தளித்துக் கூடையில் சேர்ப்பிக்கும் கணக்கிலும் அவரே முதல்வராக நின்றார் என்றால், ஒரு தனி மனிதர் அந்தக் குளிர்காலத்தில் எத்தனை பேருடைய வேலையைச் செய்தார் என்பது புலனாகும்.

ரீபவுண்டுக்கும் அப்பால், எந்தப் பத்தியிலும் ஏறாத ஒன்று இருந்தது. எதிரி எறியும் பந்தைத் தடுக்கும்போது அதைப் பார்வையாளர் கூட்டத்துக்குள் அறைந்து கைதட்டல் வாங்குவது மற்றவர்களின் வழக்கம். ரஸ்ஸலோ அதைத் தட்டித் தம் தோழர் கைக்கே போய்ச் சேரும்படி செய்வார், அந்தக் கணமே ஹாவ்லிசெக் மறுமுனைக்கு ஓடிக்கொண்டிருப்பார். பின்கதவு தாழிட்டிருக்கிறது என்ற நிச்சயத்தில் வாசலிலே துணிந்து நிற்கும் வீட்டாரைப் போல, செல்டிக்ஸின் முன்வரிசைக்காரர்கள் எதிரியின் கையிலுள்ள பந்தைப் பறிக்கத் தயக்கமின்றிப் பாய்ந்ததெல்லாம், பாய்ச்சல் தவறினாலும் பின்னால் ரஸ்ஸல் நிற்கிறார் என்ற நம்பிக்கையினால்தான். அந்த நம்பிக்கையைச் சந்தையில் விலைக்கு வாங்க முடியுமா? ஃபிங்கல் எவ்வளவு முயன்றும் கொண்டுவர முடியாத பொருள் அது. அவரிடம் அதை எதிர்பார்த்ததே அநியாயம்.

ரஸிகர்கள் எதிர்பார்த்தார்கள். பாஸ்டன் கார்டனில் பந்து அவர் கையை விட்டு நழுவும்போதெல்லாம் கூச்சல் எழுந்தது. இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை: ரஸ்ஸல் ஆடிய காலத்திலேயே அந்த அரங்கம் பல இரவுகளில் நிரம்பியதில்லை. நகரத்தின் காதல் ஐஸ் ஹாக்கியின் மீது இருந்தது. போருக்குப் பிந்திய மரத் தட்டுப்பாட்டில் ஓக் துண்டுகளை இணைத்துச் செய்த அந்தப் பிரசித்தமான பலகைத் தளத்தையே, பனிக்கட்டித் தரையின்மீதுதான் ஆட்டத்துக்கு ஆட்டம் விரிப்பார்கள்; ஆட்டக்காரர்களின் காலடியில் உறைந்து கிடந்தது மற்றொரு விளையாட்டின் ராஜ்யம். ஃபிங்கல் ஏச்சு வாங்கிய அதே பருவத்தின் முடிவில், 1970 மே 10-ஆம் தேதி, அதே கட்டடத்தில் பாபி ஓர் கோல் அடித்த கையோடு தடுக்கப்பட்டு அந்தரத்தில் பறந்து ஸ்டான்லி கோப்பையை வென்று தர, பாஸ்டன் ஆனந்தக் கூத்தாடியது. சாம்பியன்கள் இருந்தபோது வராதவர்கள், அவர்கள் போனபின் வந்த அப்பாவியை நோக்கிக் கூவினார்கள் என்பதை நினைக்க எனக்கு இன்றும் வருத்தமாயிருக்கிறது.

விளையாட்டையே துறந்துவிடலாமா என்று ஃபிங்கல் எண்ணிய நேரம் உண்டு. அவரைத் தேற்றி நிறுத்தியவர் புதிய பயிற்சியாளர் டாமி ஹைன்ஸன். ரஸ்ஸலோடு தோளோடு தோள் நின்று ஆடியவர்; ஓய்வு பெற்றபின் இன்ஷூரன்ஸ் தொழில் பார்த்தவர்; ஓய்வு நேரங்களில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டும் தேர்ந்த ஓவியர். இருக்கும் வர்ணங்களைக்கொண்டே படத்தை முடிக்கப் பழகிய அந்தக் கை, ஃபிங்கலிடம் ரஸ்ஸலைத் தேடவில்லை. கௌவன்ஸ் வந்து சேர்ந்த பிறகு மாற்று சென்டராக ஃபிங்கல் ஆட்டத்துக்குச் சில நிமிஷங்களே ஆடினார். கூச்சல் அடங்கியது. 1975 வரையில் அந்த அணியிலேயே இருந்தார்.

இப்போது 1974-க்கு வாருங்கள். மில்வாக்கி அணியோடு இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டம், பாஸ்டன் கார்டன், தேதி, மறுபடியும் மே 10. இதில் வென்றால் பட்டம். ஆட்டம் இரண்டாவது கூடுதல் நேரத்துக்கு நீள, ஆறு பவுல்கள் நிறைந்து கௌவன்ஸ் வெளியேற நேர்ந்தது. எதிரே நின்றவர் கரீம் அப்துல் ஜப்பார், அக்காலத்தின் ஈடிணையற்ற சென்டர். சில விநாடிகள் மிச்சமிருக்க, ஒரே பாயிண்டு முன்னிலையில் செல்டிக்ஸ். காலியான ஸ்தானத்தில் வந்து நின்றவர் யார்? ஐந்தாண்டுகளுக்கு முன் ரஸ்ஸலுக்காக நின்ற அதே ஹென்றி ஃபிங்கல். அவர் தம் ஏழடி உடம்பையும் நீட்டிய கையையும் முழுமையாக உயர்த்தினார். அதற்கும் மேலே வளைந்து சென்றது கரீமின் கொக்கி வீச்சு. மில்வாக்கி 102, பாஸ்டன் 101. அந்த வீச்சைத் தடுத்தவர்கள் வெகு சிலரே என்று அக்கால ஆட்டக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். ரஸ்ஸலே நின்றிருந்தாலும் என்ன ஆகியிருக்குமென்று சொல்வதற்கில்லை. இரண்டு நாள் கழித்து மில்வாக்கியிலேயே செல்டிக்ஸ் 102-87 என்று வென்றது. ரஸ்ஸல் போனபின் பாஸ்டன் பெற்ற முதல் சாம்பியன் பட்டம் அது. மோதிரம் பெற்றவர்களில் ஃபிங்கலும் ஒருவர்.

கௌவன்ஸுக்கு ஒதுக்கிய இடமெல்லாம் தீர்ந்துவிட்டது. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போன ஆவர்பாக், மற்ற அணியினர் தம் ஆவலை மோப்பம் பிடித்துவிடக் கூடாதென்று, சிறிது நேரத்திலேயே வெறுப்புற்றவர் போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியேறினார் என்றொரு கதை உண்டு. 1970 டிராஃப்டில் லேனியர், டாம்ஜனோவிச், மாராவிச் என்று மூன்று பெயர்கள் வாசிக்கப்பட்டு முடியும்வரை அந்தச் செந்தலை இளைஞர் பாஸ்டனுக்காக எப்படி மிஞ்சியிருந்தார் என்பதையும், ரஸ்ஸலைப் போல் துளியும் ஆடாத ஒருவர் ரஸ்ஸலின் இடத்தை எப்படி நிரப்பினார் என்பதையும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.