குமிழிகளை எண்ணினால் போதுமா?

தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குச் சென்றுவந்தோர் கற்பிட்டித் தீபகற்பத்தின் அமைப்பை நன்கறிவர். ஆலயத்தருகே பெருங்கடல், நிலத்தின் மறுபுறம் புத்தளம் களப்பு. அக்களப்பின் ஆழமற்ற நீரினடியிற் கடற்புல் தழைத்திருக்கிறது. அதற்கு வேண்டிய காபனைக் கடல்நீரிற் கரைந்துள்ள காபனீரொட்சைட்டும் இருகாபனேற்றும் அளிக்கின்றன. எவரும் ஊட்டவேண்டியதில்லை.

வீட்டு மீன்தொட்டியின் நிலை வேறு. காபனீரொட்சைட்டு காற்றிற் பரவுவதைக் காட்டிலும் நீரிற் பரவுவது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகும். ஆகவே செடி செறிந்த தொட்டிகளுக்கு உருளையிலிருந்து குழாய்வழியே அவ்வாயுவைச் செலுத்துகின்றனர். எவ்வளவு செலுத்துவது? இங்கேதான் நாம் கவனமாயிருத்தல் வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. மீன்கள் மேல்மட்டத்தில் வாய்திறந்து தவிக்கும். கவனியாது விட்டால் மாண்டுபோகும்.

"விநாடிக்கு ஒரு குமிழி" என்று கணக்கிடுவது பலர் வழக்கம். ஆனால் எல்லாக் குமிழிகளும் ஒரே அளவினவல்ல. குமிழியின் விட்டம் இருமடங்கானால் அதிலுள்ள வாயு எட்டு மடங்காகும்! மாணவர்கள் வீட்டிலேயே இதனைச் சோதித்தறியலாம். அளவுக்கோடிட்ட குழாயொன்றை நீரால் நிரப்பித் தலைகீழாக நீருள் நிறுத்துக. வாயுக்குழாயின் முனையை அதனடியிற் பிடித்து, 10 மில்லிலீற்றர் சேர எத்தனை நிமிடம் செல்கிறதெனக் குறித்துக்கொள்க. வாயு சிறிது நீரிற் கரையுமாதலால் விரைந்து செய்தல் நன்று.

நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு மில்லிலீற்றர் காபனீரொட்சைட்டின் எடை சுமார் 1.8 மில்லிகிராம். 60 லீற்றர் நீரில் லீற்றருக்கு 30 மில்லிகிராம் கரைந்திருக்க 1,800 மில்லிகிராம், அஃதாவது ஏறத்தாழ ஒரு லீற்றர் வாயு, தேவை. எனினும் செலுத்தியதெல்லாம் நீரில் நில்லாது. ஒரு பகுதி காற்றோடு கலக்கும். ஒரு பகுதியைச் செடிகள் உட்கொள்ளும். ஓட்டத்தை அளந்தபின் நீரில் எஞ்சியிருப்பதையும் அளந்தாக வேண்டும்.

இதற்கு ஓர் எளிய கருவி உண்டு. சிறிய கண்ணாடிக் குமிழொன்றினுள், ஜெர்மானிய அளவில் 4 பாகை காபனேற்று வன்மையுடைய நீரையும் புரோமோதைமோல் நீலத்தையும் இட்டுத் தொட்டியுள் தொங்கவிடுவர். தொட்டி நீருக்கும் அதற்குமிடையே காற்று நிற்கும். அதனூடாக வாயு உட்புகும். நீலமாயின் வாயு குறைவு, பச்சையாயின் லீற்றருக்குச் சுமார் 30 மில்லிகிராம், மஞ்சளாயின் மிகுதி. கிணற்று நீரின் வன்மை ஊருக்கு ஊர் மாறுவதால் அதனைக் குமிழினுள் ஊற்றலாகாது. நிறம் மாற ஓரிரு மணி நேரம் செல்லுமாதலால், மஞ்சளைக் காணுமுன்னரே மீன்கள் தவிக்கக்கூடும். கண் மீன்கள்மீதே இருக்கட்டும்.

இரவிற் செடிகளும் காபனீரொட்சைட்டையே வெளிவிடுகின்றன. எனவே விளக்கணைக்க ஒரு மணி நேரத்துக்கு முன்னரே வாயுவை நிறுத்துதல் வேண்டும். சீனியும் நொதியமும் இட்ட போத்தலை அவ்வாறு நிறுத்தவியலாது என்பதையும் மறத்தலாகாது.

1958இல் ஒல்லாந்த தாவரவியலாளர் டி விற் பெயரிட்ட கிரிப்டோகொரைன் வெண்டியை, இலங்கைக்கே உரிய செடி. இன்று உலகெங்கும் மீன்தொட்டிகளில் வளரும் அது, வாயு ஊட்டாவிடினும் மெல்ல வளரும். செடி பொறுத்திருக்கும், மூச்சுத் திணறும் மீன் பொறுத்திராது. ஐயம் தோன்றும்போது வாயுவைக் குறைப்பதே அறிவுடைமை.