எஞ்சின் எண்ணெய்: சாதாரணமும் செயற்கையும்

சத்தியவேட்டுக்கு அண்மையிலுள்ள ஸ்ரீசிட்டியில் 2016ஆம் ஆண்டு முதல் இசூசு மோட்டார் வாகனங்கள் உற்பத்தியாகி வருகின்றன. வாகனம் புதிதாயினும் பழையதாயினும், எண்ணெய் மாற்றும் நாளில் உரிமையாளருக்கு எழும் ஐயம் ஒன்றே: அதிக விலை கொடுத்துச் செயற்கை எண்ணெயை வாங்குவது தகுமா?

சாதாரண எண்ணெய், கச்சா எண்ணெயின் கனமான பகுதியினின்று பெறப்படுவது. மெழுகும் கந்தகமும் நீக்கப்பட்ட பின்னரும் அதில் பல்வேறு அளவும் வடிவமும் கொண்ட மூலக்கூறுகள் கலந்திருக்கும். செயற்கை எண்ணெயிலோ, எத்திலீன் வாயுவிலிருந்து பெற்ற சிறு மூலக்கூறுகள் இரசாயன முறையில் இணைக்கப்பட்டு ஏறக்குறைய ஒரே சீராக அமைகின்றன. எனினும் பெயரை மட்டும் நம்புதல் கூடாது. கச்சா எண்ணெயை ஹைட்ரஜனால் மிகவும் பக்குவப்படுத்திப் பெறுவதையும் ‘செயற்கை’ என விளம்பரப்படுத்தலாம் என்று 1999இல் அமெரிக்க விளம்பர ஆய்வுக் குழுவொன்று முடிவு கூறியது.

டப்பாவில் 5டபிள்யூ-30 என்றிருப்பின், ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் குறையக் குறைய, எண்ணெய் குளிரிலும் எளிதில் ஓடும். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். 20டபிள்யூ-40, 5டபிள்யூ-30 எண்ணெய்களை இரு கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, பனிக்கட்டி நீரில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கோலிக்குண்டை இட்டால், முன்னதில் அது மெதுவாக இறங்கும்.

ஆனால் உறைபனி காணாத சத்தியவேட்டில் இக்குணத்தால் பெரும் பயனில்லை. இங்கு பகை உஷ்ணமே. சூடேறிய எண்ணெய் பிராணவாயுவுடன் கூடிக் கெட்டிப்பட்டுக் கசடாகிறது. வெப்பம் 10 பாகை உயருந்தோறும் இவ்வினையின் வேகம் சுமார் இருமடங்காகும். இதனைத் தாங்குவதிலும், ஆவியாகாமல் நிற்பதிலும் செயற்கை எண்ணெய் மேம்பட்டது. டர்போ பொருத்திய எஞ்சினுக்கு உற்பத்தியாளர் அதையே விதித்திருப்பின் சிக்கனம் பாராட்டலாகாது. பழைய ஜீப்புக்கோ, கைப்புத்தகம் விதித்த தரத்துச் சாதாரண எண்ணெயை உரிய காலத்தில் மாற்றினாலே போதும்.

புழுதியும் புகைக்கரியும் இரண்டையும் ஒன்றுபோலவே மாசுபடுத்தும். செயற்கை எண்ணெய் ஊற்றியாயிற்று என்ற நிம்மதியில் அளவுகோலை மாதக்கணக்கில் எடுத்தே பாராதவர்களை யான் கண்டதுண்டு. எண்ணெய் கறுத்ததும் கெட்டுவிட்டதென்று அஞ்சுவோரும் உளர். அது பெரும்பாலும் கரியைப் படியவிடாமல் தன்னுள் தாங்கி நிற்பதன் அடையாளமே. மண்சாலைகளில் நாள்தோறும் செல்லும் வெளிக்கள ஊழியர், கைப்புத்தகத்தில் கடின உபயோகத்துக்கெனக் குறித்துள்ள குறுகிய கால அளவைப் பின்பற்றி, வடிகட்டியையும் உடன் மாற்றுவது நலம்.