செவியில் தொடங்கும் மொழி

'பத்து' என்னும் சொல்லிலுள்ள தகரத்தையும் 'பட்டு' என்னும் சொல்லிலுள்ள டகரத்தையும் தமிழர் எவரும் ஒன்றெனக் கொள்வதில்லை. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவருக்கோ அவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே ஒலியாகவே கேட்கின்றன. நாநுனி மேற்பல்லைத் தொடப் பிறப்பது பல்லொலி. நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடப் பிறப்பது வளைநா ஒலி. சொற்பொருளை வேறுபடுத்தும் ஒலியலகை மொழியியலார் ஒலியன் என்பர். தமிழில் இவை இரண்டும் தனித்தனி ஒலியன்கள். ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டால் எச்சொல்லின் பொருளும் மாறுவதில்லை என்பதால், அம்மொழியினரின் செவி அதனைப் பொருட்படுத்தாமல் விடப் பழகிவிடுகிறது.

இப்பழக்கம் தொட்டிற்பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதைக் கனடிய ஆய்வாளர்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவர்கள் ஆங்கிலம் பேசும் வீடுகளின் குழந்தைகளுக்கு, இந்தியிலுள்ள இதே ஒலியிணையைக் கேட்கச் செய்து, ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை ஒளியுடன் இயங்குமாறு அமைத்தனர். மாற்றத்தை உணரும் குழந்தை பொம்மையை எதிர்பார்த்துத் திரும்பும். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினர். 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் மிகச் சிலரே திரும்பினர். இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளோ ஏறத்தாழ ஒரு வயதிலும் அவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்தனர். இதனை இழப்பு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. பயன்படாத வேறுபாடுகளை விலக்கித் தன் வீட்டு மொழிக்குரியவற்றைக் கூர்மையாகப் பற்றிக்கொள்வதன் மூலமே, பேச்சு வெள்ளத்திலிருந்து சொற்களைப் பிரித்தறியும் அரிய வேலைக்குக் குழந்தை ஆயத்தமாகிறது.

எத்தகைய கேள்வியும் இவ்வாறு செவியைச் செப்பனிடும் என்று எண்ணுவதற்கில்லை. அமெரிக்காவில் பாட்ரிசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதக் குழந்தைகளுடன் சீன மொழியினர் 12 அமர்வுகளில் நேரில் பேசி விளையாடியபோது அக்குழந்தைகள் சீன ஒலிவேறுபாட்டைக் கற்றனர். அதே பேச்சை ஒளிப்பதிவாகவோ ஒலிப்பதிவாகவோ பெற்றவர்கள் அதனைக் கற்கவில்லை. திரையின் முன் குழந்தையை அமர்த்துவதே மொழிப்பயிற்சி என நம்பும் பெற்றோர் கருத்திற்கொள்ள வேண்டிய முடிவு இது.

பெரியவர்களின் நிலை, பொதுவாக எண்ணப்படுவதுபோல் அவ்வளவு தாழ்ந்ததன்று. நெதர்லாந்தில் குடியேறி டச்சு கற்ற ஆங்கில மொழியினரைப் பற்றி கேத்தரின் ஸ்னோவும் மரியான் ஹூஃப்னகல்-ஹோலவும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்க மாதங்களில் விரைந்து முன்னேறியோர் 12 முதல் 15 வயதினரும் பெரியவர்களுமே ஆவர். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பின்தங்கியிருந்தனர். இலக்கணத்தை விதியாக விளங்கிக்கொள்ளவும், அறிந்த மொழியோடு ஒப்பிடவும் வல்ல முதிர்ந்த மூளைக்குத் தொடக்கம் எளிது; ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, பிள்ளைப்பருவத்தில் தொடங்கியவர்களே, குறிப்பாக ஒலிப்பில், பெரும்பாலும் முந்துகின்றனர்.

குறுகிய செவியைப் பயிற்சியால் ஓரளவு மீண்டும் விரிக்கவும் இயலும். ஆங்கில ரகர, லகர ஒலிகளை வேறுபடுத்த இடர்ப்படும் ஜப்பானியர்க்கு, அவ்வொலிகள் அமைந்த சொற்களைப் பலருடைய குரல்களில் கேட்கச் செய்து, ஒவ்வொரு விடையும் சரியா தவறா என உடனுக்குடன் தெரிவித்தபோது அவர்கள் முன்னேறினர் என்பதை 1991-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று பதிவுசெய்தது. உணவையும் பாட்டையும் குறிக்கும் இருவேறு இந்திச் சொற்களைத் தமிழெழுத்தில் 'கானா' என ஒன்றாகவே எழுதிப் படிக்கும் தமிழருக்கும், எழுத்தைவிடப் பல குரல்களைக் கேட்பதே உதவக்கூடும்.