ஊர் ஊராய் ரொட்டி – 9: உப்பில்லா ரொட்டியில் ஒரு விருந்து

சென்ற வாரம் ஜெனோவாவின் ஃபொக்காச்சியாவைப் பார்த்தோம். எண்ணெயும் உப்பும் ஊறிய ரொட்டி அது. அங்கிருந்து தெற்கே இறங்கி டஸ்கனிக்குள் நுழைந்தால் கதை தலைகீழ். ஃபுளோரன்ஸ், சியேனா, அரெஸ்ஸோ என்று எங்கே கேட்டாலும் அன்றாட ரொட்டியில் உப்பு கிடையாது. கோதுமை மாவு, தண்ணீர், புளித்த தாய்மாவு மூன்றுதான் சேர்மானம். இந்த ரொட்டிக்கு 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது. உப்புப் போடக்கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று.

பீசா நகரம் ஒரு காலத்தில் உப்பை மறித்தது, அதனால் ஃபுளோரன்ஸ்காரர்கள் உப்பில்லாமல் பழகினார்கள் என்று ஒரு கதை உண்டு. உப்பு வரிக்கு அஞ்சிய கதை இன்னொன்று. எது எப்படியோ, ரொட்டி சப்பென்று இருக்க, அதோடு சேர்கிறவை காரசாரமாக வந்து அமர்ந்துகொண்டன. உப்பில் பதப்படுத்திய பன்றித்தொடை, நெத்திலி, கேப்பர் மொட்டு, முற்றிய ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் அப்படித்தான். இந்த ஊரில் ரொட்டி பின்னணி பாடும். மேலே வைக்கிற பண்டம்தான் பாட்டு. அந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த வடிவம் க்ரோஸ்தினி: சன்னமாக வெட்டி மொறுமொறுப்பாக வாட்டிய ரொட்டித் துண்டின் மேல் ஏதேனும் ஒரு சுவையான சேர்மானம். சாப்பாட்டுக்கு முன்னால், கையால் எடுத்து, இரண்டு மூன்று கடியில் முடித்துவிடலாம்.

இது மிச்சத்திலிருந்து பிறந்த பண்டம். டஸ்கனியின் நிலம் பல நூற்றாண்டுகள் வாரச் சாகுபடியில் இருந்தது. நிலக்கிழாருக்குப் பாதி, உழுதவனுக்குப் பாதி. புதிதாக அப்படி ஒப்பந்தம் போடக்கூடாது என்று இத்தாலியில் சட்டம் வந்ததே 1964இல்தான். அந்தப் பண்ணை வீடுகளில் விறகைச் சிக்கனமாகச் செலவழிக்க வாரம் ஒருமுறைதான் ரொட்டி சுடுவார்கள். மூன்றாம் நாள் ரொட்டி இறுகும். ஐந்தாம் நாள் கத்தி இறங்காது. அதைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. தக்காளியில் வேகவைத்தால் பாப்பா அல் பொமதோரோ. நனைத்துப் பிழிந்து வெங்காயம், வெள்ளரியோடு பிசறினால் பன்ஸனெல்லா. பீன்ஸும் கீரையும் போட்டுக் கொதிக்கவிட்டு மறுநாள் மீண்டும் சூடாக்கினால் ரிபொல்லீதா. நெருப்பில் வாட்டினால் க்ரோஸ்தினி.

நவம்பரில் ஆலிவ் செக்கு ஓடும்போது இதன் எளிய வடிவத்தைச் சாப்பிடலாம். தடிமனான ரொட்டித் துண்டைத் தணலில் வாட்டி, சூடு ஆறுமுன் பூண்டைத் தேய்த்து, அன்று பிழிந்த பச்சை எண்ணெயை வழியவிட்டு உப்பைத் தூவுவார்கள். ஃபெத்துந்தா என்று பெயர். புது எண்ணெய் தொண்டையில் மிளகுபோல் உறைக்கும்.

பணக்கார மேசைக்கும் க்ரோஸ்தினி போனது. பெல்லெக்ரீனோ அர்த்தூசி ஃபுளோரன்ஸில் 1891இல் தம் சொந்தச் செலவில் வெளியிட்ட சமையல் நூல் இன்றும் இத்தாலிய வீடுகளில் இருக்கிறது. கோழி ஈரலை அரைத்துப் பூசும் க்ரோஸ்தினி அதில் உண்டு. அது இன்றும் டஸ்கனியின் பண்டிகை மேசையில் தவறாமல் இருக்கும். அதே நூலில் கத்தரிக்காயைப் பற்றி அர்த்தூசி தரும் தகவல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் எழுதுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஃபுளோரன்ஸ் சந்தையில் கத்தரிக்காயைக் காண்பதே அரிதாம். யூதர்கள் தின்பது என்று மற்றவர்கள் ஒதுக்கிவைத்திருந்தார்களாம். தெற்காசியப் பக்கத்தில் விளைச்சலுக்கு வந்து, அரபு வணிகர்கள் வழியாக மத்திய தரைக்கடலுக்குப் போன நம் கத்தரிக்காய், ஒரு சமூகத்தின் மீதிருந்த வெறுப்பையும் சேர்த்துச் சுமந்திருக்கிறது. இன்று சுட்ட கத்தரிக்காய் இல்லாமல் இத்தாலியின் காய்கறித் தட்டு முழுமையாவதில்லை. நாவின் பிடிவாதங்கள் நிரந்தரமானவை அல்ல.

சுட்ட காய்கறியும் சீஸும் வைத்த க்ரோஸ்தினி வீட்டில் நாலு பேர் வரும்போது செய்ய ஏற்றது. இதில் கவனிக்க வேண்டியது தண்ணீரை. கத்தரிக்காய், குடமிளகாய், தக்காளி, சுகினி எல்லாவற்றிலும் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது போகாமல் ரொட்டிமேல் ஏறினால் ஐந்து நிமிடத்தில் ரொட்டி ஊறிவிடும். இந்தச் செய்முறையின் ஒவ்வொரு படியும் தண்ணீரை வெளியேற்றத்தான்.

அரைக் கிலோ கத்தரிக்காயை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, உப்புப் பிசறி அரை மணி நேரம் வடிகட்டியில் வையுங்கள். உப்பு நீரை இழுக்கும். துணியால் ஒற்றி எடுங்கள். சிவப்புக் குடமிளகாய் இரண்டு, பெரிய வெங்காயம் ஒன்று, சிறு தக்காளி ஒரு கைப்பிடி சேர்த்து, மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் புரட்டுங்கள். ஓவனை 220 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி அகலமான தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஒன்றின்மேல் ஒன்று குவித்தால் வெளிவரும் ஆவி போக வழியின்றி காய்கள் அதிலேயே வெந்து குழைந்துவிடும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் போய் 140 டிகிரியை நெருங்கும்போதுதான் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பொன்னிறமும் சுட்ட மணமும் வரும். லூயி காமீய் மாயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் விவரித்த வினை அது. முப்பது முதல் நாற்பது நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்டி, ஓரங்கள் கருகத் தொடங்கும்போது எடுங்கள். காய்கறி பாதியாகச் சுருங்கியிருந்தால் சரியாகச் சுட்டிருக்கிறீர்கள் என்று பொருள். சூட்டோடு ஒரு தேக்கரண்டி ஒயின் வினிகர் தெளியுங்கள். இனிப்பு ஏறிய காய்க்கு அந்தப் புளிப்பு வேண்டும்.

ரொட்டிக்கு, இனிப்பும் பாலும் சேர்த்த மெத்தென்ற சாண்ட்விச் ரொட்டி உதவாது. வாட்டினாலும் நடுவில் தொய்யும். பேக்கரியில் பாகெட் போன்ற நீண்ட, தோல் கடினமான ரொட்டி கிடைத்தால் வாங்குங்கள். நேற்றையதாக இருந்தால் நல்லது. ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். ரொட்டி பழசாவது ஈரம் போவதால் மட்டுமல்ல. மாவுச்சத்து மீண்டும் படிகமாக இறுகுவதாலும்தான், அது ஃபிரிட்ஜின் குளிரில் வேகமாக நடக்கும். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் சாய்வாக வெட்டி, இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி, 190 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம் வாட்டுங்கள். எண்ணெய்ப் படலம் ஈரத்தைத் தடுக்கும். எடுத்ததும் உரித்த பூண்டுப் பல்லை ஒருமுறை தேய்த்தால் போதும். பூண்டைக் காய்களோடு தட்டில் போட்டால் கருகிக் கசக்கும்.

சீஸில் இரண்டு வழிகள். ஒன்று ரிக்கோட்டா. சீஸ் செய்தபின் மிஞ்சும் தெளிநீரை மறுபடி காய்ச்சித் திரட்டுவது அது. மிச்சத்தில் பிறந்த ரொட்டிக்கு மிச்சத்தில் பிறந்த சீஸ் நன்றாகவே பொருந்தும். மெல்லிய துணியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு நீரை வடித்து, உப்பும் மிளகும் கலந்து, முதலில் ரொட்டிமேல் பூசி அதன்மேல் காயை வையுங்கள். இன்னொன்று, டஸ்கனியின் செம்மறியாட்டுப்பால் சீஸான பெக்கோரினோ. நான்கு மாதம் முற்றியதைச் சீவி, காயின்மேல் தூவி, மூன்று நிமிடம் சூடான ஓவனில் வைத்தால் இளகிப் பிடித்துக்கொள்ளும். சீஸோடு பேரிக்காய் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று குடியானவனுக்குத் தெரியவிடாதே என இத்தாலியில் ஒரு பழமொழி உண்டு. சீஸைச் செய்தவன் கையிலிருந்து அதன் சுவையை மறைத்த காலத்தின் சொல் அது. குடியானவன் வீட்டுப் பழைய ரொட்டியில் அதே சீஸை வைத்து எல்லோருக்கும் ஒரே தட்டில் பரிமாறுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இனி வேளை. ரொட்டியைக் காலையிலேயே வாட்டி, முழுதும் ஆறியபின் காற்றுப்புகாத டப்பாவில் போடலாம். சூட்டோடு மூடினால் வியர்த்து நமுத்துவிடும். காயை மதியம் சுட்டு ஃபிரிட்ஜில் வைத்து, விருந்தினர் வருமுன் அரை மணி நேரம் வெளியே எடுங்கள். அடுக்குவது மட்டும் கடைசியில். பதினாறு துண்டுகளை அடுக்கப் பத்து நிமிடம் ஆகாது. துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலையைக் கையால் கிள்ளிப் போட்டால் முடிந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் ஆளுக்கு மூன்று, இதுவே மாலைப் பலகாரம் என்றால் ஆளுக்கு ஐந்து ஆறு என்று கணக்கு வையுங்கள்.

வீட்டு விருந்து என்றால் அழைத்தவர், பெரும்பாலும் வீட்டுப் பெண், வந்தவர் கிளம்பும்வரை அடுப்படியில் நிற்பது என்று ஆகிவிட்டது. கூடத்தில் சிரிப்புக் கேட்கும், அவர் மட்டும் அதில் இருக்கமாட்டார். அந்த விருந்தோம்பலில் எனக்கு உடன்பாடில்லை. வேலையெல்லாம் முன்னாலேயே முடிந்துவிடுகிற, தட்டும் கரண்டியும் கேட்காத, ஆறினாலும் கெடாத ஒரு பண்டத்தை மாதம் ஒருமுறையாவது செய்யுங்கள். ரொட்டி வாட்டுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள், அடுக்குவதை வந்தவர்களிடமே விடுங்கள். நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அடுத்த வாரம் சார்டினியத் தீவுக்குப் போகிறோம். மேய்ப்பர்கள் மாதக்கணக்கில் மலைக்கு எடுத்துச் சென்ற தாள் போன்ற ரொட்டி, பானே கராசாவு.

(தொடரும்)