பின்கட்டிலிருந்து தலைவாசலுக்கு: தமிழ்நாட்டின் விமானப்படைத் தளங்கள்

சங்கரன்கோவிலுக்குத் தென்கிழக்கே கயத்தாறு அருகில் கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய விமான ஓடுதளமும், உளுந்தூர்ப்பேட்டையிலும் செட்டிநாட்டிலும் உள்ள அதுபோன்ற ஓடுதளங்களும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தைச் சேர்ந்தவை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பையும் 9ஆம் நாள் திருகோணமலையையும் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட விமானங்கள் தாக்கின. இடையில், 6ஆம் நாள், விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. கடல்வழியாக வரும் பகையை எதிர்கொள்ளத் தென்னிந்தியாவில் ஓடுதளங்கள் வேண்டும் என்ற தேவை அப்போதுதான் அரசுக்கு உறைத்தது. தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் ஆகிய இன்றைய விமானப்படைத் தளங்களின் வேர்களும் அந்தப் போர்க்காலத்தில்தான் உள்ளன. போர் முடிந்ததும் மங்கிப்போன அத்தேவை, பல பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் உணரப்பட்டதை அறிய, இந்திய விமானப்படையின் வரலாற்றையே ஒருமுறை பார்த்துவர வேண்டும்.

அப்படை 1932 அக்டோபர் 8ஆம் நாள் சட்டப்படி நிறுவப்பட்டது. அதன் முதல் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1ஆம் நாள் கராச்சியில், வாபிட்டி என்னும் இரட்டை அடுக்கு இறக்கை விமானங்கள் நான்கை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கியது. ஸ்குவாட்ரன் என்பது ஒரே வகை விமானங்களையும் அவற்றின் விமானிகளையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் கொண்ட அடிப்படைப் படைப்பிரிவு. இன்று ஒரு போர் விமான ஸ்குவாட்ரனில் பொதுவாக 16 முதல் 18 விமானங்கள் இருக்கும். வடமேற்கு எல்லைப்புற மலைகளில் பழகிய அச்சிறுபடை, உலகப்போரில் பர்மா முனையில் லைசாண்டர், ஹரிக்கேன் விமானங்களுடன் போரிட்டுத் தன் திறனை நிறுவியது.

விடுதலைக்குப் பின் அதன் பார்வை முழுவதும் மேற்கிலும் வடக்கிலும் பதிந்தது. 1947 அக்டோபர் 27ஆம் நாள் டக்கோட்டா விமானங்கள் ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கி, காஷ்மீர்ப் பள்ளத்தாக்கைக் காக்க வழிசெய்தன. 1948இல் முதல் ஜெட் விமானமான வேம்பயரும், அடுத்த பத்தாண்டில் பிரான்சின் தூஃபானி, மிஸ்டியர் விமானங்களும், பிரிட்டனின் ஹண்டர், கான்பெரா, நேட் விமானங்களும் வந்தன. 1965 போரில் உருவத்தில் சிறிய நேட், பாகிஸ்தானிடமிருந்த அமெரிக்கத் தயாரிப்பான சேபர் விமானங்களை வீழ்த்திப் புகழ்பெற்றது. 1963இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த மிக்-21, ஒலியை விஞ்சிய வேகத்தில் செல்லக்கூடிய முதல் இந்தியப் போர் விமானமாகி, 2025 செப்டம்பர் 26ஆம் நாள் சண்டிகரில் விடைபெறும்வரை அறுபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியது.

இப்போர்கள் அனைத்தும் தமிழ்நாட்டுக்கு நெடுந்தொலைவில் நடந்தமையால், விமானப்படை என்னும் வீட்டில் தெற்கு ஒரு பின்கட்டாகவே கருதப்பட்டது. பின்கட்டில் நடப்பதும் இன்றியமையாத வேலையே. விமானிகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களையே உருவாக்கும் விமானப் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இயங்குகிறது. கோயம்புத்தூரில் விமானப்படை நிர்வாகக் கல்லூரியும், சூலூரில் பழுதுபார்ப்புப் பணிமனையும் அமைந்தன. ஆனால் போர் விமானங்கள் நிலையாகத் தங்கும் தளம் மட்டும் இங்கு இல்லாதிருந்தது.

இந்நிலை 1980களில் மாறத் தொடங்கியது. 1984 ஜூலை 19ஆம் நாள் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மண்டல விமானப்படைக் கட்டளையகம் நிறுவப்பட்டது. 1987 ஜூன் 4ஆம் நாள், பெங்களூரிலிருந்து புறப்பட்ட ஐந்து ஏஎன்-32 சரக்கு விமானங்கள் மிராஜ் 2000 போர் விமானங்களின் துணையுடன் சென்று, முற்றுகையில் வாடிய யாழ்ப்பாணத்தில் உணவுப் பொருள்களைப் பாராசூட் மூலம் இறக்கின. பாரசீக வளைகுடாவிலிருந்து கிழக்காசியாவுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் கப்பல்கள் இலங்கைக்குத் தெற்கே உள்ள கடற்பாதையைப் பயன்படுத்துவதாலும், இந்தியப் பெருங்கடலில் சீனக் கடற்படையின் நடமாட்டம் பெருகியதாலும், தென்கடலைக் காக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் கூடிவந்தது.

தஞ்சாவூர்த் தளம் அப்பொறுப்பின் விளைவாக உருவானது. பழைய ஓடுதளம் புதுப்பிக்கப்பட்டு 2013 மே மாதத்தில் தளம் திறக்கப்பட்டது. 2020 ஜனவரி 20ஆம் நாள் அங்கே 222ஆம் ஸ்குவாட்ரன் சுகோய்-30 எம்கேஐ விமானங்களுடன் பணியில் அமர்த்தப்பட்டது. இரு எஞ்சின்களும் இரு இருக்கைகளும் கொண்ட இவ்விமானம், வானிலேயே வேறொரு விமானத்திடமிருந்து எரிபொருள் பெற்று நெடுந்தூரம் பறக்க வல்லது. இரண்டரை டன் எடையுள்ளதும் ஒலியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் பாய்வதுமான பிரம்மோஸ் ஏவுகணையை இது சுமந்துசெல்வதால், கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ள போர்க்கப்பலையும் தாக்க முடியும்.

சூலூரின் சிறப்பு வேறு வகையானது. உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட தேஜஸ் இலகுரகப் போர் விமானத்தைக் கொண்ட முதல் பிரிவான 45ஆம் ஸ்குவாட்ரன், 2016இல் பெங்களூரில் தொடங்கப்பட்டு 2018இல் சூலூருக்கு வந்தது. 1971 போரில் ஸ்ரீநகர் வானில் தனியாகப் போரிட்டு உயிர்நீத்து பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல் ஜித் சிங் சேகோனின் 18ஆம் ஸ்குவாட்ரனும் 2020 மே 27ஆம் நாள் சூலூரிலேயே தேஜஸைப் பெற்றது. மேற்பரப்பின் பெரும்பகுதி கார்பன் இழைக் கலவையால் ஆனமையால் எடை குறைந்த இவ்விமானத்தில், விமானியின் கட்டளைகளைக் கணினி மின்குறிகளாக மாற்றி இறக்கைகளின் அசையும் பகுதிகளுக்கு அனுப்புகிறது.

எனினும், 1983இல் ஒப்புதல் பெற்ற தேஜஸ் திட்டத்தின் விமானம் 2001இல்தான் முதன்முறை பறந்தது. உள்நாட்டு எஞ்சினான காவேரி போதிய உந்துவிசையை எட்டாததால் அமெரிக்க எஞ்சினே பொருத்தப்படுகிறது. அது வந்துசேரத் தாமதமானால் புதிய விமானங்களும் தாமதமாகின்றன. அனுமதிக்கப்பட்ட 42 போர் விமான ஸ்குவாட்ரன்களில், மிக்-21 ஓய்வுபெற்ற வேளையில் 29 மட்டுமே எஞ்சியிருந்தன என்பது இத்தாமதத்தின் விலையைக் காட்டுகிறது.

தலைவாசலில் நிற்கும் தெற்கு, இனி விமானங்களை ஏற்றுக்கொள்ளும் இடமாக மட்டும் இருந்தால் போதாது. சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்து நகரங்களை இணைத்து 2019இல் தொடங்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அதற்கான வாய்ப்பைத் தந்துள்ளது. வெப்பத்தைத் தாங்கும் உலோகக் கலவைகள், நுண்ணிய வார்ப்பு, எஞ்சின் சோதனை ஆகியவற்றில் தென்மாவட்டங்களின் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஆழ்ந்த பயிற்சி அளிப்பதே அவ்வாய்ப்பைப் பயன்படுத்தும் வழியாகும்.